புகழும் படைப்பும்: யப்பானியப் பழைய இலக்கியத்தை முன்வைத்துச் சில கருத்துகள்

ஓர் இலக்கியப் படைப்பை நாம் வாசிக்கத் தொடங்குவதற்கு முன்னரே அதனை ஆக்கியவரின் பெயர் நம்மை வந்தடைந்து விடுகிறது. பெயரோடு புகழும் வருகிறது. வாசித்து முடித்தபின் நாம் கூறும் தீர்ப்பில் எவ்வளவு பங்கு படைப்புக்குரியது, எவ்வளவு பங்கு புகழுக்குரியது என்று பிரித்துக் காண்பது எளிதன்று. மலரினின்று மணம் கமழ்வது போலச் சிறந்த படைப்பினின்று புகழ் தானே எழுகின்றது எனக் கருதுவது இரசிகர்களின் வழக்கம். இலக்கியத்தைச் சமுதாயத்தின் விளைபொருளாகக் காண்போர் அங்ஙனம் கருதி அமைய முடியாது. புகழும் ஒரு சமுதாய விளைபொருளே. அதனை ஆக்குவோர் உளர், காப்போர் உளர், அதனைக் கொண்டு வாழ்வோரும் உளர். இவ்வுண்மையை ஆண்டும் பெயரும் சுட்டி ஆராய்வதற்கு யப்பானியப் பழைய இலக்கியம் தக்கதோர் உதாரணமாகும். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே நூல்கள் தொகுக்கப்பட்டும், படியெடுக்கப்பட்டும், உரை கூறப்பட்டும் வந்திருக்கின்றன. யார் யாரை உயர்த்தினர், யார் யாரை மறைத்தனர் என்பதற்கான சான்றுகளும் உடன் கிடைக்கின்றன.

ஒரு பெயர் மறைக்கப்பட்ட கதையிலிருந்து தொடங்குவோம். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தைரா, மினமோட்டோ என்னும் இரு போர்க்குலங்கள் ஆட்சிக்காகப் போரிட்டன. 1183இல் தைரா குலத்தினர் தலைநகராகிய கியோட்டோவை விட்டு ஓட நேர்ந்தது. அக்குலத்துப் படைத்தலைவருள் ஒருவரான தடனோரி கவிஞருமாவார். ஓடும் வழியிலிருந்து திரும்பி வந்து, அக்காலத்துக் கவிதைத் துறையில் தலைமை பெற்றிருந்த பூஜிவாரா ஷுன்சேய் என்பவரின் வாயிற்கதவைத் தட்டினார் என்றும், தாம் இயற்றிய நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை அவர் கையில் ஒப்படைத்து, அரச ஆணையாற் தொகுக்கப்படும் நூலில் ஒன்றேனும் இடம்பெறின் அதுவே போதும் என வேண்டிச் சென்றார் என்றும் 'ஹெய்க்கே கதை' கூறுகின்றது. மறு ஆண்டு இச்சினோதானிப் போரில் அவர் மாண்டார். பின்னர் ஷுன்சேய் தொகுத்து முடித்த 'சென்ஸாய்ஷு' என்னும் தொகுதியில் தடனோரியின் பாடல் ஒன்று இடம்பெற்றது. பாழடைந்த பழைய தலைநகரில் மாறாது மலரும் செர்ரிப் பூக்களைப் பற்றிய பாடல் அது. ஆனால் அதன் தலைப்பில் 'பாடியவர் அறியப்படாதவர்' என்றே எழுதப்பட்டது. பாடியவர் யார் என்பதைத் தொகுத்தவர் நன்கறிவார். அரசின் பகைவராக அறிவிக்கப்பட்டவரின் பெயரை அரச தொகுதியில் எழுத முடியாமையே காரணம். இப்பெயர் மறைப்பையே பொருளாகக் கொண்டு, இறந்தும் அமைதியுறாத கவிஞனின் ஆவி வந்து முறையிடுவதாக 'நோ' நாடகம் ஒன்றைப் பிற்காலத்தில் ஸெயாமி எழுதினார்.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? 'பாடியவர் அறியப்படாதவர்' என்னும் தொடர் எல்லா இடத்தும் அறியாமையைக் குறிப்பதன்று. சில இடங்களில் அது அதிகாரத்தின் ஆணையாகவும் இருந்துள்ளது. பெயரை எடுத்துவிடும் வல்லமை உடையோரிடமே பெயரை வழங்கும் வல்லமையும் இருந்தது. தடனோரியின் பெயரை நீக்கிய அதே ஷுன்சேய்தான் 1193இல் நடந்த பெருங் கவிதைப் போட்டியொன்றில் நடுவராக அமர்ந்து, 'கெஞ்ஜி கதை'யை அறியாத கவிஞன் இரங்கத்தக்கவன் என்னும் பொருள்படத் தீர்ப்புக் கூறினார். அவருடைய மைந்தர் தேய்க்கா கெஞ்ஜி கதையின் படிகளை ஒப்புநோக்கி ஒரு திருத்தப் பிரதியை உருவாக்கினார். நூறு கவிஞரின் நூறு பாடல்கள் அடங்கிய புகழ்பெற்ற தொகுதியும் அவர் தொகுத்ததே. இன்று யப்பானியப் பழைய இலக்கியம் என்று உலகம் போற்றுவனவற்றிற் கணிசமான பகுதி இவ்வொரு குடும்பத்தின் கைவழியே வந்தது. அவர்களது உழைப்பையும் நுண்ணறிவையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர்கள் தெரிந்தெடுத்தபோது தம் வர்க்கத்தின் கண்கொண்டே தெரிந்தெடுத்தனர் என்பதை மறத்தலாகாது.

இவ்வாறு உருவான புகழ் காலப்போக்கிற் குடும்பச் சொத்தாயிற்று. 905இல் அரச ஆணைப்படி தொகுக்கத் தொடங்கிய 'கொகின்ஷு' என்னும் நூலின் அரிய சொற்களுக்கான விளக்கங்கள் ஆசிரியனிடமிருந்து தெரிவுசெய்யப்பட்ட மாணாக்கனுக்கு மட்டும் இரகசியமாக உபதேசிக்கப்பட்டன. 1600இல் ஹொசொகாவா யூசாய் என்னும் பிரபு தனாபேக் கோட்டையில் முற்றுகைக்குள்ளானபோது, இவ்விரகசியத்தை அறிந்தவர் மாண்டால் அது அழிந்துவிடும் என்று அஞ்சிப் பேரரசரே தலையிட்டு முற்றுகையை நிறுத்தச் செய்தார். கவிதையின் பெருமைக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறுவோர் உளர். நமக்கோ வேறொன்று தோன்றுகிறது. ஒரு நூலின் பொருளைச் சிலர் பூட்டி வைத்துக்கொள்ள முடிந்ததனாலேயே அவர்களது உயிர் அத்துணை விலையுடையதாயிற்று. அந்தப் போரில் வேறிடங்களில் மாண்ட காலாட்களுக்காக எந்தத் தூதுவரும் அனுப்பப்படவில்லை.

பூட்டை உடைத்தவர் ஒரு பத்திரிகையாளர். சயரோகத்தாற் படுக்கையிற் கிடந்த மசஒக்கா ஷிகி 1898இல் 'நிப்பொன்' என்னும் பத்திரிகையிற் பத்துக் கடிதங்கள் எழுதினார். கொகின்ஷுவின் தலைமைத் தொகுப்பாளரும் அதன் முன்னுரையை எழுதியவருமான கி நோ ட்சுரயுகி தாழ்ந்த கவிஞர் என்றும், அவர் தொகுத்த நூல் பயனற்றது என்றும் அவர் அறைந்தார். ஆயிரம் ஆண்டுகளாக எவரும் கூறத் துணியாத சொல் அது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் பாஷோவைப் பற்றியும் அவர் இவ்வாறே எழுதியிருந்தார். பாஷோவின் பாடல்களிற் பாதிக்கு மேற்பட்டவை தரங்குறைந்தவை என்பது ஷிகியின் கணிப்பு. பாஷோ அப்போது வெறுங் கவிஞராக இருக்கவில்லை. தெய்வப் பட்டம் சூட்டப்பெற்று வணங்கப்பட்டு வந்தார். தெய்வத்தின் பாட்டிற் குற்றம் காண்பார் யார்? ஷிகியின் தீர்ப்புகள் எல்லாம் சரியானவை என்று நாம் வாதிடவில்லை. கொகின்ஷு பற்றிய அவரது கூற்று மிகைபட்டது என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. ஆனால் பாடல்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது ஏன் நன்று, இது ஏன் நன்றன்று என்று வினவலாம் என்னும் உரிமையை அவர் வாசகனுக்கு மீட்டுத் தந்தார்.

புகழின் வரலாற்றை முழுமையாக அறிய விரும்புவோர் முரசாகி ஷிகிபுவின் கதையை ஆராய்தல் வேண்டும். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 54 அத்தியாயங்களாக விரிந்த கெஞ்ஜி கதையை எழுதிய இப்பெண்ணின் இயற்பெயரை நாம் உறுதியாக அறியோம். 'ஷிகிபு' என்பது அவருடைய தந்தை வகித்த அரச பதவியைக் குறிப்பது. 'முரசாகி' என்பது அவர் படைத்த கதாபாத்திரத்தின் பெயர். அதாவது உலகின் மாபெரும் புனைகதையாசிரியருள் ஒருவர் தந்தையின் உத்தியோகத்தாலும் தம் கற்பனையின் மகளாலும் அறியப்படுகின்றார். அக்காலத்துப் பிற பெண் எழுத்தாளரின் நிலையும் இதுவே. ஒருவர் இன்னாரின் தாய் என்றும், இன்னொருவர் இன்னாரின் மகள் என்றும் மட்டுமே இலக்கிய வரலாற்றில் இடம்பெறுகின்றனர்.

பெயரில்லாத இப்பெண்ணுக்குக் காலந்தோறும் ஒவ்வொரு புகழ் சூட்டப்பட்டது. இடைக்காலத்துப் பௌத்தர் புனைகதையைப் பொய்யென்று கொண்டனர். காமமும் பொய்யும் நிறைந்த நூலை எழுதியமையால் அவர் நரகில் உழல்கின்றார் என நம்பி, அவரது ஈடேற்றத்துக்காகச் சூத்திரங்களைப் படியெடுத்துச் சடங்குகள் இயற்றினர். அதே காலத்தில் அரசவைக் கவிஞர் அந்நூலைத் தம் கலைக்கு மூலநூலாகக் கொண்டனர். கன்பூசிய ஒழுக்கம் மேலோங்கிய 1703இல் அந்தோ தமேயகிரா என்னும் அறிஞர், முரசாகி கற்பும் அறிவும் வாய்ந்த உத்தமி என்று நிறுவ முற்பட்டார். நரகத்திற் கிடந்தவர் நற்குணத்தின் இலக்கணமானார். கவனித்துப் பார்ப்பின் இரு சாராரும் செய்தது ஒன்றே. இருவரும் ஆசிரியையின் ஒழுக்கத்துக்குச் சான்றிதழ் எழுதினர். நூலை அச்சான்றிதழின் பின்னிணைப்பாக வாசித்தனர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் மொட்டோரி நொரினாகா வந்து, இந்நூல் அறம் போதிக்கவோ மறத்தைத் தூண்டவோ எழுந்ததன்று, மனித உள்ளம் பொருள்களாற் தீண்டப்பட்டு நெகிழ்வதைக் காட்டவே எழுந்தது என்று கூறிய பின்னரே வாசிப்பு நூலை நோக்கித் திரும்பியது.

ஆயினும் புகழின் விளையாட்டு அத்துடன் முடியவில்லை. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் யப்பானிய அரசு கெஞ்ஜி கதையைத் தேசத்தின் பெருமையாகப் போற்றிற்று. அப்போற்றுதலின் இலட்சணம் எத்தகையது? 1933இல் அக்கதையை நாடகமாக மேடையேற்றப் பொலிசார் அனுமதி மறுத்தனர். 1939க்கும் 1941க்கும் இடையில் நாவலாசிரியர் தனிசாகி ஜுன்இச்சிரோ அதனைத் தற்கால மொழிநடையில் வெளியிட்டபோது, இளவரசன் கெஞ்ஜிக்கும் பேரரசரின் துணைவிக்கும் ஏற்பட்ட மறைவான உறவு பற்றிய பகுதிகள் நீக்கப்பட்டன. அவ்வுறவிற் பிறந்த குழந்தையே பின்னர் அரியணை ஏறுகின்றது என்பது கதை. அரசமரபின் தூய்மையைத் தெய்வீகமென்று கற்பித்த ஆட்சிக்கு இதனைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. கதையின் முதுகெலும்பை உருவிவிட்டு எஞ்சிய உடலுக்கு மாலை சூட்டினர். போர் முடிந்து, 1951 தொடக்கம் வெளிவந்த இரண்டாவது பதிப்பிலேயே நீக்கப்பட்டவை மீண்டன. புகழ் மிகுந்த நூலே ஆளுவோரின் கத்தரிக்கோலுக்கு முதலில் இரையாகின்றது. புகழில்லாத நூலை எவரும் திருத்தி அமைக்க முயல்வதில்லை.

மேலைநாட்டு வரவேற்பும் இத்தன்மையதே. ஆதர் வேலி 1925 முதல் 1933 வரை ஆறு பாகங்களாக வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே அந்நூல் உலகப்புகழ் எய்தியது. யப்பானிய மொழியறியாத நம்மிற் பலரும் ஆங்கிலத்தின் வழியாகவே அதனை அறிகின்றோம். ஆங்கில வாசகர் அதனைப் பிரெஞ்சு நாவலாசிரியர் புரூஸ்டின் நூலோடு ஒப்பிட்டு மகிழ்ந்தனர். முன்னர் பௌத்த நரகம் நின்ற இடத்தில் இப்போது பாரிஸ் நகரத்து வரவேற்பறை வந்து நின்றது. வேலி தம் மொழிபெயர்ப்பில் 'மணிப்பூச்சி' என்னும் பொருள்படும் 'சுசுமுஷி' அத்தியாயத்தை விட்டுவிட்டார். யப்பானிய அரசு 2000ஆம் ஆண்டில் 2000 யென் நாணயத்தாளை வெளியிட்டபோது அதன் பின்புறத்தில் அதே அத்தியாயத்தைச் சித்திரிக்கும் பழைய ஓவியத்தையும் முரசாகியின் உருவத்தையும் பொறித்தது. ஒருவர் வேண்டாமென ஒதுக்கியதை மற்றவர் பணத்தாளில் அச்சிடுகின்றார். இரண்டிற்கும் இடையே நூல் தன்பாட்டிற் கிடக்கின்றது.

அந்நூலுக்குள் நுழைந்து ஒரு காட்சியை மட்டும் காண்போம். அரசவையின் கோபத்துக்கு அஞ்சிச் சுமா என்னும் கடற்கரையில் ஒதுங்கி வாழ்கின்றான் கெஞ்ஜி. அவனைக் காணத் தலைநகரிலிருந்து நண்பன் வந்திருக்கின்றான். மீனவர் சிலர் சிப்பிகளைக் கொண்டு வருகின்றனர். கரையிலே நெடுங்காலம் வாழ்ந்த வாழ்வைப் பற்றி அவர்களை விசாரிக்க, அவர்கள் தம் துன்பங்களை எடுத்துரைக்கின்றனர். அவர்களது பேச்சைப் பறவைகளின் கீச்சொலிக்குரிய சொல்லாலேயே ஆசிரியை குறிப்பிடுகின்றார். அடுத்த கணமே, உள்ளத்தின் போக்கு எவர்க்கும் ஒன்றுதானே, இதில் வேற்றுமை என்ன என்ற எண்ணம் எழுகின்றது. மீனவருக்கு ஆடைகள் வழங்கப்படுகின்றன. உயிர் வாழ்ந்ததன் பயனைப் பெற்றோம் என்று அவர்கள் மகிழ்கின்றனர். சில வரிகளே கொண்ட இக்காட்சியில் ஒரு வர்க்கத்தின் செருக்கும், அச்செருக்கை ஒரு கணம் ஊடுருவும் மனித உணர்வும், பழைய ஆடையொன்றை ஈந்து அவ்வுணர்வை முடித்துக்கொள்ளும் பிரபுத்துவத்தின் எளிய வழியும் அடங்கியுள்ளன. முரசாகியை வழிபடுவோர் இதனைக் காண்பதில்லை. அவர்களுக்கு நூல் முழுவதும் நிலவொளியே. 'அரண்மனை இலக்கியம்' என்று முத்திரை குத்தித் தள்ளுவோரும் இதனைக் காண்பதில்லை. அவர்கள் நூலைத் திறப்பதேயில்லை. புகழும் இகழும் ஒரே குருட்டுத்தன்மையின் இரு பக்கங்களாகும்.

இங்கே நம் அணியினரின் குற்றத்தையும் நாம் ஒளிக்கக்கூடாது. முற்போக்கு வாசகர்க்கும் தமக்கென்று புகழ்ப் பட்டியல் ஒன்று உண்டு. 8ஆம் நூற்றாண்டில் உருவான 'மன்யோஷு' தொகுதியில் ஏறத்தாழ 4,500 பாடல்கள் உள்ளன. அதில் யமனோவே நோ ஒகுரா இயற்றிய 'வறுமை பற்றிய உரையாடல்' குளிரில் நடுங்கும் ஏழையின் குடிசையையும், சோறு வெந்து நெடுநாளானதாற் சிலந்தி வலைபின்னிய பாத்திரத்தையும், தண்டலுக்காகத் தடியுடன் வாயிலில் நின்று கூவும் ஊர்த்தலைவனையும் காட்டுவது. இதனாற் கவர்ச்சியுற்று ஒகுராவை மக்கள் கவிஞர் என்று சிலர் கொண்டாடுகின்றனர். ஒகுரா ஒரு மாகாணத்தின் ஆளுநராயிருந்தவர்; அந்தத் தடியை ஏவிய நிர்வாகத்தின் ஓர் அங்கம். இதனை அறிந்து வாசிக்கும்போதுதான் அப்பாடலின் உண்மையான முரண்பாடும் உயர்வும் புலப்படும். அதுபோலவே அத்தொகுதியிலுள்ள எல்லைக்காவற் படைவீரரின் பாடல்களைப் பொதுமக்களின் நேர்க்குரல் என்கின்றோம். 755இல் அவற்றைச் சேர்த்தவர் படைத்துறை அதிகாரியாகிய ஒட்டோமோ நோ யகமோச்சி. தமக்குக் கிடைத்த 166 பாடல்களுள் 84ஐ மாத்திரம் அவர் ஏற்றார். எஞ்சியவை தரமற்றவை என நீக்கப்பட்டன. நீக்கப்பட்ட 82 பாடல்களில் என்ன குரல்கள் ஒலித்தனவோ! எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை மனைவியையும் தாய் தந்தையரையும் பிள்ளைகளையும் பிரிந்து செல்லும் துயரைக் கூறுவன. 1942இல், போரின் நடுவே, 'தேசபக்தர் நூற்றுவர் பாடல்' என்று ஒரு தொகுதி வெளியிடப்பட்டபோது, தன்னைப் பின்னோக்காது அரசனுக்குக் கேடயமாவேன் என்னும் கருத்துடைய வீரனின் பாடல் அதில் முக்கிய இடம் பெற்றது. அழுத வீரர்கள் பின்தள்ளப்பட்டனர். பெயரற்ற எளிய மக்களின் புகழையும் ஆட்சி தன் தேவைக்கேற்ப வடித்துக்கொள்ளும் என்பதற்கு இது சான்று.

அப்போரின் சாம்பல் ஆறாத 1946 நவம்பரில் 'செக்காய்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் பிரெஞ்சு இலக்கிய அறிஞரான குவாபரா தக்கேயோ. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. றிச்சட்ஸ் ஆசிரியர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்க்கு அளித்து நடத்திய பரிசோதனையை அவர் அறிந்திருந்தார். அவரும் 15 ஹைக்குப் பாடல்களை எடுத்தார்; பத்து புகழ்பெற்ற ஆசான்மாருடையவை, ஐந்து பெயரறியாத பயில்வோருடையவை. பெயர்களை நீக்கிவிட்டு, எவை எவருடையவை என்று பிரித்துக் காட்டுமாறு வாசகரைக் கேட்டார். பிரிப்பது இயலாது என்பதே அவரது வாதம். படைப்பினின்று ஆசானை அடையாளம் காண முடியாதெனின், ஆசானின் உயர்வு எங்கிருந்து வருகின்றது? சீடர்களின் தொகையிலிருந்தும் அவர் நடத்தும் சஞ்சிகையின் செல்வாக்கிலிருந்துமே என்றார் குவாபரா. தற்கால ஹைக்குவை 'இரண்டாந்தரக் கலை' என்றே அழைக்கவேண்டும், பாடசாலைக் கல்வியிலிருந்து அதனை விலக்கவேண்டும் என்று கூறுமளவுக்கு அவர் சென்றார். அவர் தாக்கியது தம் காலத்து ஹைக்குக் குழுக்களையே. ஆனால் அவர் கண்டுகாட்டிய நோய் ஷுன்சேய், தேய்க்கா குடும்பத்தின் காலந்தொட்டு வருவது.

குவாபராவின் துணிவை நாம் மதிக்கின்றோம். முடிவை முழுவதும் ஏற்கவில்லை. பெயரை நீக்கிவிட்டால் தூய படைப்பு எஞ்சும் என்பது ஓர் அரையுண்மை. பெயரோடு புகழ் மட்டும் போவதில்லை, வரலாறும் போய்விடுகின்றது. தடனோரியின் பாடலைப் பெயரின்றி வாசித்தால் அது பழைய தலைநகரைப் பற்றிய அழகியதோர் ஏக்கம். தன் தலைநகரையே இழந்து ஓடியவன் பாடியது என அறிந்தால் அது வேறொன்றாகின்றது. அவன் பெயரை எழுத விடாத அரசையும் அறிந்தால் பாடலைச் சூழ்ந்த மௌனமும் பேசத் தொடங்குகின்றது. ஆகவே இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும். ஒருவர் எக்காலத்தில், எவ்வர்க்கத்தில், எந்நெருக்கடியில் நின்று எழுதினார் என்பது அறிவு. அவர் மாமேதை, தெய்வம், உத்தமி, மக்கள் கவிஞர் என்பது புகழ். அறிவு வாசகனை நூலுக்குள் அழைத்துச் செல்லும். புகழ் வாயிலிலேயே நிறுத்தி வணங்கச் செய்து அனுப்பிவிடும்.

இது வெறும் இரசனைப் பிரச்சினையன்று. ஒரு பெரிய பெயரைக் கேட்டதும் தன் கண்ணை நம்பாது தலைகுனியப் பழகும் மாணவன், நாளை வேறு பெரிய பெயர்களின் முன்னும் அவ்வாறே தலைகுனிவான். 1942இன் தொகுதியைக் கையில் ஏந்திக் களம் சென்ற இளைஞர்க்குப் பழைய இலக்கியத்தைப் போற்ற எத்தனையோ பேர் கற்பித்திருந்தனர். அழுத வீரர்களின் பாடல்கள் எங்கே என்று கேட்கக் கற்பித்தவர் சிலரே. வகுப்பறையில் நாம் செய்யக்கூடியது பெரிதன்று. முதலிற் பாடலைப் பெயரின்றி மாணவர் முன் வைப்போம். அவர்கள் கண்டதைச் சொல்லட்டும், தவறாயினும் சொல்லட்டும். பின்னர் பெயரையும் காலத்தையும் கூறுவோம். முன்பு சொன்னதை எங்கே மாற்றிக்கொள்கின்றனர், ஏன் மாற்றிக்கொள்கின்றனர் என்று கேட்போம். இறுதியாக, இப்பாடல் எவர் கைகளின் வழியே நம்மிடம் வந்தது, வழியில் எவை உதிர்ந்தன என்று கேட்போம். இந்த மூன்றாவது வினாவைக் கேட்கப் பழகியவன், யகமோச்சி நீக்கிவிட்ட 82 பாடல்களை வாசிக்க முடியாமற் போனாலும், அவை இருந்தன என்பதையேனும் மறக்கமாட்டான்.